சாதனை கையில் இருக்கிறது. டிராஃப்ட்டா, இன்னொரு சீசனா, வேறு கல்லூரியா?

2006இல் ஹவாய் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கோல்ட் பிரென்னன் ஒரே சீசனில் 58 டச் டவுன் பாஸ் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சு) வீசினார். பந்தைக் கையால் வீசியும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டான எஃப்.பி.எஸ். பிரிவில் அன்றைக்கு அதுதான் உச்சம். 2019இல் எல்.எஸ்.யூ. அணியின் ஜோ பரோ 60 வீசி அதைத் தாண்டினார். 2021இல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 62 வீசினார். வீசி எடுத்த தூரம் 5,967 யார்டு என்று சீசனுக்கான யார்டு சாதனையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். இந்த மூவரும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் (அணிகள் வரிசைப்படி புதிய ஆட்களை எடுக்கும் தேர்வு) எத்தனையாவது ஆளாகப் போனார்கள் என்று பாருங்கள். பிரென்னன் 186. பரோ 1. ஸாப்பி 137.

சாதனைப் பட்டியலில் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், சம்பளப் பட்டியலில் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட முடியாது. ஆகவே கல்லூரியில் சாதனை படைத்த ஓர் ஆட்டக்காரர், கையில் இன்னும் ஒரு சீசன் மிச்சமிருக்கும்போது என்ன செய்வது என்று யோசித்தால், அந்தச் சாதனை எண்ணை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். அவர் முன்னால் மூன்று வழிகள்: டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுப்பது, அதே கல்லூரியில் இன்னோர் ஆண்டு ஆடுவது, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வழியாக வேறு கல்லூரிக்குப் போவது. எது சரி என்பதை ஆடும் இடமும், எந்தச் சுற்றில் எடுக்கப்படுவார் என்ற மதிப்பீடும்தான் முடிவு செய்கின்றன. மற்றதெல்லாம் அடுத்தபடி.

சாதனைக்கு ஏன் இவ்வளவு கழிவு போடுகிறார்கள் என்பதற்கு மைதானத்திலேயே காரணம் இருக்கிறது. கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் ஒரே அகலமுள்ள மைதானத்தில், 160 அடியில், நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்துக்கும் பந்தை வைக்கும் ஹேஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு பக்க ஹேஷ் கோட்டில் இருந்தால் எதிர்ப்பக்கம் முழுதாக 100 அடி திறந்து கிடக்கும். தடுப்பாளர்கள் அத்தனை இடத்தையும் காக்க வேண்டும். தொழில்முறை ஆட்டத்தில் அது 90 அடிக்கும் கீழே. திறந்த வெளியில் நிற்பவனுக்கு எளிதாகப் போட்ட பாஸ்கள் அங்கே குறைந்துவிடும். இன்னொன்று, ஓடுவதுபோல் காட்டிவிட்டுக் கடைசி நொடியில் வீசும் ஆர்.பி.ஓ. ஆட்டங்கள். கல்லூரியில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று யார்டு வரை முன்னே போய்விட்டாலும் பாஸ் செல்லும், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். கல்லூரிக் குவாட்டர்பேக்கின் புள்ளிவிவரத்தில் ஒரு நல்ல பங்கு இந்த இரண்டு யார்டு சலுகையில் விளைந்தது. பிடிப்பவருக்கும் அப்படியே: கல்லூரியில் எல்லைக்குள் ஒரு கால் பதிந்தால் போதும், அங்கே இரண்டு கால்.

இதனால்தான் ஸ்கவுட்டுகள் (அணிகளின் ஆள் தேர்வாளர்கள்) மொத்த யார்டைப் பார்ப்பதற்கு முன், அந்த யார்டு எப்படி வந்தது என்று வீடியோவைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஹூஸ்டன் பல்கலையின் கேஸ் கீனம் 19,217 யார்டு, 155 டச் டவுன் என்று எஃப்.பி.எஸ். வாழ்நாள் சாதனைகளோடு 2012இல் வெளியே வந்தார். ஏழு சுற்றிலும் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவருக்கு முன் ஹவாயின் டிம்மி சாங் 17,072 யார்டு வைத்திருந்தார். 2005இல் அவருக்கும் அதே கதி. இருவரும் பந்தை அள்ளி வீசும் ஆட்டமுறையில் பல ஆண்டு தொடர்ந்து ஆடியவர்கள். ஆட்டமுறை கொடுத்த யார்டு எவ்வளவு, கை கொடுத்த யார்டு எவ்வளவு என்று அணிகள் பிரித்துப் பார்த்தபோது கையின் கணக்கில் போதுமான அளவு மிஞ்சவில்லை என்று நினைத்தார்கள். கீனம் விஷயத்தில் அது முழுக்கச் சரியும் இல்லை. 2018 ஜனவரியில் மினசோட்டா வைக்கிங்ஸை ப்ளேஆஃப் ஆட்டத்தின் கடைசி வீச்சில் ஜெயிக்க வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த இடத்துக்கு வர ஆறு ஆண்டும் பல அணிகளும் ஆயின.

சாதனைகளை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 11 ஆட்டத்தில், 344 முறை பந்தோடு ஓடி 2,628 யார்டு எடுத்தார். அந்த ஆண்டு ஹாலிடே பௌலில் எடுத்த 222 யார்டு இதில் சேராது, ஏனென்றால் சீசன் முடிந்தபின் நடக்கும் இந்தப் பௌல் ஆட்டங்களைக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கணக்கில் சேர்க்கத் தொடங்கியது 2002இல்தான். 2024இல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டம் ஆடி, 374 முறை ஓடி, 2,601இல் நின்றார். வெறும் 27 யார்டு பாக்கி என்று ஊரே பேசியது; உள்ளே இருப்பவர்களுக்கு அது தலைப்புச் செய்திக்கான கணக்கு மட்டுமே. ஜென்டி அந்த 27 யார்டை எடுத்திருந்தாலும் டிராஃப்ட்டில் ஓர் இடம்கூட மேலே போயிருக்க மாட்டார்.

இனி விலை. ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதை வேறு மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஏலம் கிடையாது, வரிசைதான். 32 அணிகள், ஏழு சுற்று, 2025இல் மொத்தம் 257 இடங்கள். எந்த இடத்தில் எடுக்கப்பட்டாயோ அந்த இடத்துக்கு ஏறக்குறைய நிர்ணயித்த தொகை. பேரம் பேச அதிகம் இல்லை. 2011இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் இதைக் கட்டிப்போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதியான தொகை மட்டும் 5 கோடி டாலர். அடுத்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. ஓராண்டு தள்ளி வந்ததன் விலை அது.

அண்மை நிலவரம்: 2025இல் முதல் இடத்துக்கு நான்கு ஆண்டில் சுமார் 4.9 கோடி டாலர். 2024இல் 12ஆம் இடத்துக்கு (டென்வர் எடுத்த போ நிக்ஸ்) சுமார் 1.86 கோடி. மூன்றாம் சுற்றின் கடைசிப் பகுதியில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அறுபது லட்சத்தை ஒட்டி. ஏழாம் சுற்றில் காகிதத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல் எழுதியிருக்கும். அதில் உறுதியான பங்கு சொற்பம், ஆகஸ்ட் முகாமில் வெட்டினால் மீதி காற்றோடு போகும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை மட்டும் அணி ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. எல்லோருக்கும் பெரிய பணம் இரண்டாம் ஒப்பந்தத்தில்தான் வருகிறது. 2022இல் கடைசி ஆளாக, 262ஆம் இடத்தில் போன பிராக் பர்டி, மூன்று சீசன் முடித்து 2025 மே மாதம் ஐந்தாண்டுக்கு 26.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அது விதிவிலக்கு, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை மதிப்பீடு வாங்குவது. என்.எஃப்.எல். அணிகளின் தேர்வாளர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. கல்லூரி வழியாகக் கேட்க வேண்டும். பதில் மூன்றே வகை: முதல் சுற்றுக்கு வாய்ப்பு, இரண்டாம் சுற்றுக்கு வாய்ப்பு, இரண்டும் இல்லை என்றால் கல்லூரியிலேயே இரு. மூன்றாம் சுற்றா ஆறாம் சுற்றா என்று அது பிரித்துச் சொல்லாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ‘கல்லூரியிலேயே இரு’ என்ற பதில் வந்தபின், மூன்றாம் சுற்று உறுதி என்று ஓர் ஏஜென்ட் தொலைபேசியில் சொல்லுவார். ஏஜென்டுக்கு ஆள் வேண்டும். அவர் சொல்வதில் ஒரு சுற்றைக் கழித்துக் கேட்பது நல்லது. இன்னும் நல்லது, பயிற்சியாளர் மூலமாக இரண்டு மூன்று அணிகளின் ஆள்தேர்வுப் பிரிவில் நேரடியாக விசாரிப்பது.

அடுத்து நாள்காட்டி. பள்ளி முடித்து மூன்று முழு சீசன் கடந்திருக்க வேண்டும். 2004இல் மாரிஸ் கிளாரெட் இந்த விதியை நீதிமன்றத்தில் எதிர்த்துப் பார்த்தார், மேல்முறையீட்டில் தோற்றார். கல்லூரியில் ஆடும் உரிமை மிச்சமுள்ளவர்கள் பெயர் கொடுக்க ஜனவரி நடுவில் கெடு. கெடுவுக்குப் பின் 72 மணிநேரம் மனம் மாறித் திரும்ப இடமுண்டு. ஒப்பந்தம் பேசும் ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாசலும் மூடிவிடும். விளம்பர வருமானத்துக்கு ஏஜென்ட் வைத்துக்கொள்ள என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கிறது, என்.எஃப்.எல். ஒப்பந்தத்துக்கு வைத்தால் கல்லூரி வாழ்க்கை முடிந்தது. இரண்டுக்கும் ஒரே நிறுவனம் ஒரே தாளில் கையெழுத்துக் கேட்கும்போது வாசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. விளம்பர ஒப்பந்தங்களில் அந்த உச்சவரம்பு இல்லை.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை என ஒரே சாளரமாகச் சுருங்கியது. வசந்த காலச் சாளரத்தை எடுத்துவிட்டார்கள். அதாவது இரண்டு கெடுவும் ஒரே இரண்டு வாரத்தில் ஓடுகின்றன. டிசம்பருக்குள் மதிப்பீடு கையில் இல்லாதவர் இருட்டில்தான் முடிவெடுக்கிறார்.

இனி ஒவ்வொரு வழியாக.

ரன்னிங்பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) என்றால் பேச்சே வேண்டாம், முதல் வாய்ப்பிலேயே வெளியேற வேண்டும். காரணம் உடம்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்தது ஓர் இடி. முன்னூறு ஓட்டம் என்பது முன்னூறு இடி, அதைக் கல்லூரியில் வாங்கினால் சம்பளக் கணக்கில் ஏறாது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு அணிகள் ரன்னிங்பேக்குக்குப் பணம் கொடுக்கத் தயங்கும். ஆகவே முதல் ஒப்பந்தம் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் இரண்டாம் ஒப்பந்தத்தின் பக்கம் வரலாம். சாண்டர்ஸ் காலத்தில் மூன்றாண்டு ஆட்டக்காரர்களுக்கு வாசல் திறந்திருக்கவில்லை. 1989 தொடக்கத்தில் அவர் கல்லூரி என்.சி.ஏ.ஏ. தண்டனையில் சிக்கியதால் அவருக்குத் தனி அனுமதி கிடைத்தது. டெட்ராய்ட் லயன்ஸ் மூன்றாம் ஆளாக எடுத்தது; முதல் சீசனிலேயே 1,470 யார்டு ஓடினார். 1999 ஜூலையில் ஓய்வு அறிவித்தபோது கணக்கில் 15,269 யார்டு. ஜென்டியும் ஓராண்டு உரிமையை விட்டுவிட்டு வந்தார். லாஸ் வேகஸ் ஆறாம் இடத்தில் எடுத்தது.

மறுபக்கம் பிரைஸ் லவ். ஸ்டான்ஃபோர்டில் 2017இல் 2,118 யார்டு, ஓட்டத்துக்குச் சராசரி 8.1, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். மருத்துவம் படிக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது, பட்டத்தை முடிக்கத் தங்கினார். மனிதராக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2018இல் எதிரணிகள் அவரையே குறிவைத்து ஆட்களை முன்னே குவித்தன. கணுக்காலும் தொல்லை கொடுத்தது. 739 யார்டில் நின்றார். கடைசி ஆட்டத்தில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. வாஷிங்டன் நான்காம் சுற்றில், 112ஆம் இடத்தில் எடுத்தது. என்.எஃப்.எல். சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. பட்டத்தைப் பிறகும் முடிக்கலாம். கோடை வகுப்புகளில் முடித்தவர்கள் ஏராளம். முழங்காலுக்குக் கோடை வகுப்பு கிடையாது.

முடிவு எடுத்தபின் மிஞ்சும் கேள்வி, பௌல் ஆட்டம் ஆடுவதா என்பது. 2015இல் 3,864 மொத்த யார்டு எடுத்து சாண்டர்ஸின் இன்னொரு சாதனையை முறியடித்த ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, 2016 இறுதியில் சன் பௌலில் ஆட மறுத்தார். அன்று திட்டாதவர்கள் இல்லை. நான்கு மாதத்தில் கரோலினா எட்டாம் இடத்தில் எடுத்தது. 2016 ஜனவரியில் நாட்டர் டேமின் ஜேலன் ஸ்மித் ஃபியஸ்டா பௌலில் முழங்காலை இழந்து, முதல் ஐந்து பேரில் ஒருவர் என்ற நிலையிலிருந்து 34ஆம் இடத்துக்கு இறங்கியது எல்லோர் மனதிலும் இருந்தது. தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப் என்றால் ஆடுங்கள். மற்ற பௌல்களில் முதல் சுற்று மதிப்பீடு உள்ளவர் ஆடுவது, என் கணக்கில், அணிக்குச் செய்யும் தானம். தானம் என்று தெரிந்து செய்தால் சரி.

குவாட்டர்பேக் கதை வேறு. இங்கே இன்னோர் ஆண்டு தங்குவது சில சமயம் உண்மையிலேயே லாபம். ஆனால் எந்தக் கல்லூரியில் என்பதுதான் கேள்வி.

அதே கல்லூரியில் தங்கினால் கிடைப்பது தெரிந்த ஆட்டமுறை, தெரிந்த பிடிப்பாளர்கள், பட்டம். ஸ்டான்ஃபோர்டில் 2010 முடிவிலேயே முதல் ஆளாகப் போயிருக்கக்கூடிய ஆண்ட்ரூ லக் ஓராண்டு தங்கி, கட்டடக்கலை வடிவமைப்பில் பட்டம் வாங்கி, 2012இல் அதே முதல் இடத்தில் போனார். அவர் பிழைத்தது, அவருடைய மதிப்பு சீசன் எண்களில் தொங்கிக்கொண்டு இருக்கவில்லை என்பதால். பிராட்ஃபோர்டு 2008இல் 50 டச் டவுன் வீசி ஹைஸ்மன் வாங்கியபின் தங்கினார். 2009 முதல் ஆட்டத்திலேயே தோள் போனது, அக்டோபரில் மறுபடியும், பிறகு அறுவை சிகிச்சை. ஆனாலும் முதல் இடம். இந்த இரண்டையும் மேற்கோள் காட்டித் தங்கச் சொல்பவர்கள் மூன்றாவதைச் சொல்ல மாட்டார்கள். யூ.எஸ்.ஸி.யின் மேட் பார்க்லி 2011 முடிவில் முதல் சுற்று ஆள் என்று பேசப்பட்டார். 2012க்குத் தங்கினார், தன் அணி ஆடிய பேக்-12 கல்லூரிக் கூட்டமைப்பின் வாழ்நாள் டச் டவுன் சாதனையையும் எடுத்தார். அணி சரிந்தது, நவம்பரில் யூ.ஸி.எல்.ஏ.வுக்கு எதிராகத் தோளில் அடி; 2013இல் 98ஆம் இடம். சாதனை ஏறியது, விலை இறங்கியது, இரண்டும் ஒரே சீசனில்.

பிரென்னனும் 58 டச் டவுனுக்குப் பின் 2007க்குத் தங்கியவர்தான். ஹவாய் அந்த ஆண்டு வழக்கமான சீசன் ஆட்டங்களில் தோல்வியே காணாமல் சுகர் பௌலுக்குப் போனது. அங்கே ஜார்ஜியாவின் தடுப்பாட்டம் அவரைத் துவைத்து எடுத்தது. உயர்ந்த எதிரணிக்கு எதிராக எப்படி ஆடுவார் என்று அணிகள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, நாடே பார்க்கும்போது தவறான பதில் கிடைத்தது. தங்குவதில் உள்ள மறைமுக ஆபத்து இது. ஏற்கெனவே நிரூபித்ததை இன்னொரு தரம் நிரூபிக்க மதிப்பெண் கிடையாது. புதிதாக ஒரு குறை தெரிந்தால் அதற்குக் கழிவு நிச்சயம்.

தங்குபவர் காப்பீடு எடுக்காமல் தங்கக் கூடாது. இரண்டு வகை உண்டு. ஆடவே முடியாமல் போனால் தருவது ஒன்று. காயத்தால் டிராஃப்ட் இடம் இறங்கி ஒப்பந்தத் தொகை குறைந்தால் ஈடு தருவது இன்னொன்று. இரண்டாவதில்தான் தகராறு. தொகை எந்த அளவுக்குக் கீழே போனால் ஈடு என்று பாலிசியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு ஒரு டாலர் மேலே நின்றாலும் ஒன்றும் வராது. பழைய காயம் எதையாவது விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டால் அதைக் காட்டியே மறுப்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் தோள் நழுவியதைக்கூட எழுத வேண்டும். ஆட்டம் சரியில்லாமல் இடம் இறங்கினால் எந்தப் பாலிசியும் தராது. பார்க்லி போன்றவர்கள் விஷயத்தில் எது காயத்தால், எது ஆட்டத்தால் என்று பிரிப்பதே பெரும்பாடு.

மூன்றாம் வழி, போர்ட்டல். ஐந்தாறு ஆண்டுக்கு முன் இதை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து, படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு சும்மா உட்கார வேண்டியதில்லை. 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பெரிய அணியில் தொடக்கக் குவாட்டர்பேக்குக்கு ஆண்டுக்கு இருபது முப்பது லட்சம் டாலர் என்பது இப்போது யாரையும் திடுக்கிட வைக்காது. இதை ஏழாம் சுற்று ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேம் வார்டு இந்த வழியை நடந்து காட்டியவர். டெக்சஸின் வெஸ்ட் கொலம்பியாவில், பாஸே அரிதாகப் போடும் விங்-டி ஆட்டமுறையில் ஆடிய பள்ளி மாணவர். உதவித்தொகை கொடுக்க முன்வந்தது சான் அன்டோனியோவின் இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலை மட்டும். அங்கே முதல் சீசனில் 24 டச் டவுன், அடுத்ததில் 47. பிறகு வாஷிங்டன் ஸ்டேட்டில் 23, 25. 2024 ஜனவரி 1 அன்று டிராஃப்ட்டுக்குப் போவதாக அறிவித்தார். முதல் சுற்றில் யாரும் அவரைப் பேசவில்லை. கெடுவுக்கு முன்பே பின்வாங்கி மயாமிக்குப் போனார். அங்கே 39 டச் டவுன், 4,313 யார்டு. டிசம்பர் 28 அன்று பாப்-டார்ட்ஸ் பௌலில் முதல் பாதியிலேயே மூன்று வீசி, எஃப்.பி.எஸ்.ஸும் அதற்கு அடுத்த தட்டும் சேர்ந்த டிவிஷன் ஒன்று முழுவதற்குமான வாழ்நாள் சாதனையை 158க்குக் கொண்டுபோனார். கீனமின் 155 பின்தங்கியது. இரண்டாம் பாதியில் அவர் ஆடவில்லை, அணி 42–41 என்று தோற்றது, அதற்கும் திட்டு வாங்கினார். 2025 ஏப்ரலில் டென்னசி டைட்டன்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது.

அவருக்குப் பலன் கொடுத்தது அந்த 158 என்ற எண் என்று நினைத்தால் கதையைத் தவறாகப் படிக்கிறோம். 2023இல் அவர் வீடியோவில் இருந்த கேள்விகள் பந்தை அதிக நேரம் வைத்திருப்பது, கையிலிருந்து நழுவவிடுவது ஆகியவை. நல்ல முன்வரிசை, வேகமான பிடிப்பாளர்கள், பெரிய எதிரணிகள் இருக்கும் இடத்தில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் கொடுக்க ஒரு சீசன் கிடைத்தது. அரிசோனா ஸ்டேட்டிலிருந்து எல்.எஸ்.யூ.வுக்கு வந்து, முதல் ஆண்டு 17 டச் டவுன், அடுத்த ஆண்டு 40 வீசிய ஜேடன் டேனியல்ஸும் இப்படித்தான் 2024இல் இரண்டாம் இடத்துக்கு ஏறினார். ஆபர்னில் தடுமாறிய நிக்ஸ், ஆரிகானில் 2023இல் 77.4 சதவீத பாஸ்களைச் சேர்த்து சாதனை வைத்து 12ஆம் இடம் வந்ததும் அதே தடம். மூவருக்கும் பொதுவானது: எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதை மாற்றக்கூடிய இடத்துக்குப் போனார்கள்.

மாற்ற முடியாத குறை என்றால் போர்ட்டல் உதவாது. யூ.ஸி.எஃப்., ஓக்லஹோமா, ஆரிகான் என்று ஆறு ஆண்டு ஆடிய டில்லன் கேப்ரியல் 155 டச் டவுனோடு கீனமைச் சமன் செய்தார். 2025இல் 94ஆம் இடம். ஆறடிக்குக் கீழே உயரம், 24 வயது. எத்தனை கல்லூரி மாறினாலும் உயரம் கூடாது, வயது குறையாது. அவர் இழந்ததாகச் சொல்ல மாட்டேன்: கல்லூரியில் சம்பாதித்தார், மூன்றாம் சுற்றும் கிடைத்தது. ஆனால் அவருக்கு ஏழாம் ஆண்டு ஒன்று இருந்திருந்தாலும் அது விலையை உயர்த்தியிருக்காது.

டெக்சஸின் குவின் யூவர்ஸ் எதிர்த்திசை. இரண்டு முறை அணியை ப்ளேஆஃப் அரையிறுதிக்குக் கொண்டுபோனவர்; 2025இல் போர்ட்டல் பக்கம் போகாமல் டிராஃப்ட்டுக்கு வந்து 231ஆம் இடத்தில் மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். பணக் கணக்கு மட்டும் பார்த்தால் ஒரு கல்லூரி சீசன் அவருக்கு அதைவிட அதிக உறுதியான தொகையைக் கொடுத்திருக்கும். ‘கல்லூரியிலேயே இரு’ மதிப்பீடு உள்ள குவாட்டர்பேக் இன்று அவசரப்பட்டு வெளியேறுவதற்கு எனக்கு ஒரே நியாயம்தான் தெரிகிறது: உடம்பு இன்னொரு கல்லூரி சீசனைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருப்பது.

போர்ட்டலில் கெட்டுப்போகும் இடம் ஒப்பந்தத் தாள். 2022இல் ஃபுளோரிடா பல்கலையில் சேர ஜேடன் ரஷாடாவுக்குப் பேசிய தொகை 1.385 கோடி டாலர். பணம் வரவில்லை, 2024இல் வழக்கானது. ஆகவே சில விஷயங்களைக் கறாராகப் பார்க்க வேண்டும். பணம் தருவது கல்லூரியா, வெளி அமைப்பா? வெளி ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினால் இப்போது சரிபார்ப்பு மையத்தில் பதிய வேண்டும், அங்கே நிராகரிக்கப்பட்டால் யார் ஈடு செய்வது? மாதத் தவணையா, முன்பணம் எவ்வளவு? காயத்தால் வெளியே உட்கார்ந்தால் தவணை தொடருமா? பயிற்சியாளர் வேலை மாறிப்போனால் விலக முடியுமா, விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா? வாய்ச்சொல் எதுவும் செல்லாது. வரியும் சின்ன விஷயம் இல்லை. டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியாவில் மேல்தட்டு 13.3 சதவீதம் வரை போகும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பன்ட்டர்கள் (பந்தைக் காலால் தூரமாக உதைப்பவர்கள்) போல, அமெரிக்க மண்ணில் வேலையாகக் கருதப்படும் எதற்கும் பணம் வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும்.

புதிய ஆட்டமுறையைக் கற்க எட்டு மாதம்தான் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜனவரியில் சேர்ந்து வசந்தப் பயிற்சியில் பங்கெடுத்தால்தான் செப்டம்பரில் தடுமாற்றம் இருக்காது. அந்த அணியில் முன்வரிசையில் யார் மிஞ்சுகிறார்கள் என்று தொகையைக் கேட்பதற்கு முன் கேளுங்கள்.

டிராஃப்ட் வழியைத் தேர்ந்தவருக்குப் பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸ் காம்பைன், அதாவது அணிகள் ஆட்களைச் சோதிக்கும் முகாம். தொலைக்காட்சி 40 யார்டு ஓட்டத்தைக் காட்டும். அணிகள் அங்கே வருவது முக்கியமாக மருத்துவப் பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும். 32 அணி மருத்துவர்களும் பழைய மூட்டுக் காயங்களைத் தனித்தனியே முறுக்கிப் பார்ப்பார்கள். நேர்காணலில் ஒரு தவறிய பாஸின் வீடியோவை நிறுத்தி, அந்த ஆட்டத்தில் பதினொரு பேருக்கும் என்ன வேலை என்று வரையச் சொல்வார்கள். ஓரத்திலிருந்து பயிற்சியாளர் அட்டை காட்ட அதைப் பார்த்து ஆடிப் பழகிய சாதனையாளர்கள் இந்தப் பலகை முன்னால்தான் திணறுகிறார்கள். ஆறு வார ஓட்டப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

ஏழு சுற்றும் முடிந்து பெயர் வரவில்லை என்றால், கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். எடுக்கப்படாதவர்களின் ஒப்பந்தம் மூன்று ஆண்டு; அணியைத் தேர்ந்தெடுப்பது ஆட்டக்காரர், ஆகவே ஏழாம் சுற்றின் கடைசியில் போவதைவிட இது சில சமயம் மேல். சில ஆயிரம் டாலர் கூடுதல் கையெழுத்துத் தொகையைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுக்காமல், உங்கள் இடத்தில் அந்த அணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முகாமில் 90 பேர், சீசனில் 53 பேர். பயிற்சிக் குழுவில் தங்கினாலும் 2025இல் வாரம் 13,000 டாலர் கிடைத்தது. கீனம் தொடங்கியது அங்கேதான், ஹூஸ்டன் டெக்சன்ஸில்.

அதுவும் இல்லை என்றால் கனடாவின் சி.எஃப்.எல். மூன்றே டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் முயற்சி), பக்கத்துக்கு 12 பேர், அகலம் 65 யார்டு. பாஸ் ஆட்டத்துக்கு ஏற்ற இடம், சம்பளம் என்.எஃப்.எல்.லின் ஒரு சிறு பங்கு. 1978இல் ரோஸ் பௌல் ஜெயித்த கையோடு வாரன் மூன் எட்மண்டனுக்குப் போய், தொடர்ந்து ஐந்து முறை சி.எஃப்.எல்.லின் கிரே கோப்பையை வென்று, 1984இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸுக்குத் திரும்பினார், 2006இல் என்.எஃப்.எல். புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அங்கே போகிறவர் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியது ஒன்று: என்.எஃப்.எல். அழைப்பு வந்தால் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை விடுவிப்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா?